ஊறாத கல்

12 ஆகஸ்ட் 2004, வியாழன்

முதலாளி அறையிலுள்ள கடல் மீன் தொட்டிக்காகக் காய்ந்த பவளப் பாறைகள் வாங்கியிருந்தார்கள். தோல் கம்பெனி லேபில் நான்தான் அவற்றை உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டிருந்தேன். துளைகளில் செத்துக் கிடக்கும் பூச்சிகளின் அழுக்கு போக ஒரு மாதமாவது ஆகும். திங்கட்கிழமை சோதித்தபோதும் தண்ணீரில் அமோனியா இருந்தது. மீனுக்கு அது விஷம்.

அன்றைக்குத்தான் சூப்பர்வைசர் ஸ்டீபன் வந்தான். "கல்லு ரெடியாண்ணே? முதலாளி இன்னிக்கே வைக்கச் சொல்றாரு."

"ரெடி. எடுத்துப் போய் போடு" என்றேன்.

இன்று காலை ஏழு மீன்களும் செத்து மிதந்தன. முதலாளி எல்லோர் எதிரிலும் ஸ்டீபனை வேலையை விட்டுப் போகச் சொன்னார்.

"அண்ணன்தான் சார் ரெடின்னாரு" என்று என்னைக் காட்டினான்.

"நான் எப்ப சொன்னேன்?" என்றேன்.

சாயந்திரம் பஸ் நிறுத்தத்தில் எனக்காகக் காத்திருந்தான். முகத்தில் கோபமே இல்லை. "உங்களுக்கு நான் இன்னாண்ணே பண்ணேன்?" என்று கேட்டான். பஸ் வந்தது. ஏறிவிட்டேன்.

அவன் ஒன்றும் பண்ணவில்லை. ஆறு வருஷமாக முதலாளி என்னை "ஏய் லேபு" என்றுதான் கூப்பிடுகிறார். அவனை மட்டும் "ஸ்டீபன்" என்பார். இதை அவனிடம் எப்படிச் சொல்வது?