முந்நூறு கொய்யாக் கன்று

3 செப்டம்பர் 2024

நாற்பது பை நிரப்பினேன். இரண்டு பங்கு செம்மண், ஒரு பங்கு மணல், ஒரு பங்கு சாணி எரு. கொல்லையின் தென்கோடியில் ஒரே ஒரு மண்குவியல். எல்லாப் பைக்கும் அதிலிருந்துதான். பட்டுப்போன செடி இருந்தால் பையைக் கிழித்து, அந்த மண்ணையும் திரும்ப அதிலேயே கொட்டுவோம். "செத்தது செடிதானடி, மண்ணு என்ன பாவம் பண்ணுச்சு" என்பாள் அம்மா. நான்கு வருடமாக அதே குவியல்.

அப்பா மரவேலை செய்த கொட்டகையில் இப்போது பச்சை நிழல்வலை. அவர் போனபின் நாங்கள் இருவரும் செடி விற்றுச் சாப்பிடுகிறோம். தத்துவத்தில் முதுகலை, நகக்கண்ணில் எரு. இரண்டுக்கும் முரண் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ளும் நாட்கள் அதிகம்.

பதியம் போட்ட கொய்யா முந்நூறு தயாராகின்றன. நவம்பரில் நாகம்மை ஆச்சி வீட்டுச் சாந்திக் கல்யாணம் — அவர்கள் வீட்டுச் செட்டியாருக்கு அறுபது. வருகிறவர்களுக்குத் தாம்பூலத்தோடு வீட்டுக்கு ஒரு கன்று. எங்களுக்கு வந்ததிலேயே பெரிய வேலை இதுதான்.

7 செப்டம்பர்

ஒன்றும் நடக்கவில்லை. அதற்கும் ஒரு வரி.

14 செப்டம்பர்

ஆச்சி கன்றுகளைப் பார்க்க வந்தார்கள். காரை விட்டு இறங்கும்போதே சேலையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிக்கொண்டார்கள்.

"ஏன் ஆத்தா, எலுமிச்சை குடுக்கலாமுன்னு எங்க மக சொல்றா. நீ என்ன சொல்றே?"

"முள்ளு இருக்கும் ஆச்சி. பைக்குள்ள கைய விட்டாக் குத்தும்."

"அதுவுஞ் சரிதான். அறுபதாங் கல்யாணத்துக்கு வந்து ரத்தம் பாத்துட்டுப் போனோமுன்னு ஊரெல்லாம் பேசுவாக."

அம்மா சும்மா இருக்கவில்லை. "கொய்யான்னா ரெண்டே வருசத்துல காய்ச்சுரும் ஆச்சி. காய் பறிக்கிறப்பல்லாம் உங்க பேரச் சொல்லுவாக."

"எம் பேரு எதுக்கு? செட்டியார் பேரச் சொல்லட்டும். அவுகளுக்குத்தான அறுபது? எனக்கு அம்பத்தாறுதான் ஆகுது."

போகும்போது வரிசை முழுவதும் நடந்து பார்த்தார்கள். "ஒரு எல கூட மஞ்சளா இருக்கப்படாது. அது ஒண்ணுதான் எனக்கு."

6 அக்டோபர்

மெய்யநாதன் ஐயா ஃபோன் செய்து வரச் சொன்னார். வலையபட்டிக்காரர். பேருந்து நடத்துநராக இருந்து ஓய்வுபெற்றவர். இரண்டு வருடத்துக்கு முன்பு எங்களிடம் அறுபது கொய்யா வாங்கி வீட்டை ஒட்டிய நிலத்தில் வைத்தார்.

பதினொன்று பட்டுவிட்டன. மற்றவற்றில் இலை செம்பு நிறம். காலையில்தான் தண்ணீர் கட்டியிருக்கிறார். மத்தியானம் எல்லாம் தலை தொங்குகின்றன.

"எந் தப்புதான் தாயி. முட்டு ஆபரேசன்னு ஒரு மாசம் படுத்துட்டேன். சரியாத் தண்ணி பாயல. பிள்ளைகளப் பட்டினி போட்ட மாதிரி ஆயிருச்சு."

பட்டுப்போன ஒன்றைப் பிடுங்கிக் காட்டினார். வேர் நெடுக வீக்கம், கொத்துக் கொத்தாக, இஞ்சி போல.

"ஆனா வேரு நல்லாருக்கு பாரு. நீ சொன்ன முடிச்சு, என்னமா வெளஞ்சிருக்கு!"

நான் சொன்னதுதான். கன்று கொடுத்த அன்று ஒரு பை கிழிந்து வேர் தெரிந்தது. சின்னச் சின்ன மணிகள். இது என்ன என்றார். எங்கோ படித்தது பாதி நினைவில் இருந்தது — வேர்முடிச்சு, காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துக் கொடுக்கும். தெரியாது என்று சொல்லப் பழகாதவள் நான். "நல்ல முடிச்சு ஐயா. உரத்த அதுவே தயார் பண்ணிக்கும்" என்றேன். இரண்டு வருடமாக அதை ஊரில் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறார்.

அந்த வேரில் ஒரு துண்டை நறுக்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். ஏன்? சந்தேகம் வந்துவிட்டது, அதனால்தான்.

7 அக்டோபர்

காரைக்குடி. வேளாண் அலுவலர் செம்மலை, நான் நீட்டிய வேரை வாங்கி நகத்தால் கீறினார்.

"இதப் போயி நல்ல முடிச்சுன்னு யாரும்மா சொன்னா?"

நான் கைப்பையை மூடினேன்.

"அது உளுந்துக்கு, அவரைக்கு, கடலைக்கு. கொய்யாவுக்கு ஏது? இது நூற்புழு. கண்ணுக்கே தெரியாது. வேருக்குள்ள பூந்து அங்கயே குடும்பம் நடத்தும். கன்னோட மண்ணுல வந்திருக்கு. ஒரு தடவ நெலத்துக்குள்ள போயிருச்சுன்னா லேசுல போகாது. மரத்தப் பிடுங்கினாலும் இருக்கும். அடுத்து கத்திரி வச்சா கத்திரிக்கு ஏறும், வெண்டை வச்சா வெண்டைக்கு. எந்த நர்சரியில வாங்கினது?"

"தெரியல சார்."

தெரியல சார். இதைச் சொன்னது நான்தான். எழுதி வைக்கிறேன்.

8 அக்டோபர்

உபரியாக வைத்திருந்த கன்றுகளில் பத்துப் பையைக் கிழித்தேன். ஒன்பதில் மணிகள். பத்தாவதில் என் கண்ணுக்குத் தெரியவில்லை.

மேலே இலையெல்லாம் பளபளக்கின்றன. ஒன்றுகூட மஞ்சள் இல்லை.

குவியல். செத்த செடிகளின் மண். ஒவ்வொரு சாவையும் அடுத்த பிறப்புக்குள் கலந்து வைத்து — இல்லை. இது அழகுக்காக எழுதும் வாக்கியம். நான் செய்தது இவ்வளவுதான்: மண்ணை வீணாக்கவில்லை.

9 அக்டோபர்

அம்மாவிடம் சொன்னேன்.

"மண்ணுன்னா புழு இல்லாமயாடி இருக்கும்?"

"இது வேற புழும்மா."

"செடி நல்லாத்தான நிக்குது?"

"இப்ப நிக்கும். ரெண்டு வருசத்துல—"

"ரெண்டு வருசத்துல யாரு இருப்பா, யாரு போவா. ஒரு மாசத்துல முந்நூறு கண்ணுக்கு ஆச்சி எங்குட்டுப் போவாக? பத்திரிகையிலயே மரக்கண்ணு தர்றோமுன்னு அச்சடிச்சிட்டாக. உங்கப்பா போனப்ப நம்ம வாசல்ல வந்து நின்னது யாரு? சொல்லு. ஊருக்கு முன்னாடி அவுகளுக்குத் தலைகுனிவு வரணுமா?"

பதில் இருந்தது. சொல்லவில்லை. அம்மா சொல்வது எனக்கு வசதியாக இருந்தது.

25 அக்டோபர்

மழை. மெய்யநாதன் ஐயாவிடம் இன்னும் சொல்லவில்லை.

2 நவம்பர்

ஆச்சியிடம் சொல்லிவிடுவது என்று போனேன். வளவு முற்றம் முழுக்கப் பாத்திரம், பந்தல்காரர்கள், பெயிண்ட் வாசனை. ஆச்சி மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு அதையே தேடிக்கொண்டிருந்தார்கள்.

"வா ஆத்தா. ஏதாச்சும் கண்ணு வாடிப்போச்சா?"

"இல்லை ஆச்சி."

உண்மை. ஒன்றும் வாடவில்லை.

ஒரு தட்டில் சீப்புச்சீடை வந்தது. கடிக்கிற சத்தத்தில் பேச முடியாது. ஒன்று முடிந்ததும் இன்னொன்று எடுத்தேன். பிறகு எழுந்து வந்துவிட்டேன்.

9 நவம்பர்

வண்டி வந்தது. முந்நூறையும் நானே தூக்கி ஏற்றினேன். அம்மா கோயிலுக்குப் போயிருந்தாள். யாரும் என்னை வற்புறுத்தவில்லை.

10 நவம்பர்

சாந்தி நல்லபடி நடந்தது. வாசலில் மேஜை போட்டு நானும் அம்மாவும் கன்றுகளை எடுத்துக் கொடுத்தோம்.

"மெட்ராஸ்ல மாடியில வச்சாப் பொழைக்குமா?"

"தேவகோட்டையில கொல்லை சும்மாத்தான் கெடக்கு. கத்திரிக்குப் பக்கத்துல வைக்கலாமா ஆத்தா?"

"வைக்கலாம்" என்றேன்.

மாலையும் கழுத்துமாகச் செட்டியார் வந்து ஒரு கன்றைத் தொட்டுப் பார்த்தார். "நீ வளத்ததா? நல்லாருப்பே" என்றார்.

11 நவம்பர்

நல்லாருப்பே.

16 டிசம்பர்

மெய்யநாதன் ஐயா ஃபோன்.

"அறுபதையும் பிடுங்கிட்டேன் தாயி. தை பொறந்ததும் திரும்ப வைக்கணும். உங்கிட்டயே அறுபது எடுத்து வையி. இந்தத் தடவ ஒரு நாளு கூடத் தண்ணிய நிறுத்த மாட்டேன்."

ஒரு நாள் கூட.

அவர் தன்னைத்தானே குற்றம் சொல்லிக்கொள்ள விட்டு இரண்டு மாதமாக நான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். முந்நூறு வீடுகளை நினைத்துப் பயந்தேன், அவமானப்பட்டேன். இந்த ஒரு வீட்டை நினைக்கவே இல்லை.

17 டிசம்பர்

வலையபட்டி. வெறும் குழிகள், அறுபது. வரப்பில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன் — குவியல், நல்ல முடிச்சு என்றது, அக்டோபர் ஏழாம் தேதியே தெரிந்தது.

பக்கத்துக் குழியைப் பார்த்து, "அப்பத் தண்ணியினால இல்ல?" என்றார்.

"இல்லை ஐயா."

"நான் படுத்துக்கெடந்தப்ப தண்ணி பாய்ச்சினது அவதான். எம் பொஞ்சாதி. ஒழுங்காப் பாய்ச்சலைன்னு—" வரப்பில் உட்கார்ந்துவிட்டார். "கை நீட்டிட்டேன் தாயி. முப்பத்தஞ்சு வருசத்துல நீட்டுனதில்ல. போயி அவகிட்டச் சொல்லு. என்னால முடியாது."

அவர் மனைவி அழகி அம்மா அடுப்படியில் அரிசி களைந்துகொண்டிருந்தார். இடது மணிக்கட்டில் துணிக்கட்டு. நான் சொல்லி முடிக்கும்வரை நிமிரவில்லை.

"என்னைக்கும்மா இது?" என்று கட்டைக் காட்டிக் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"தீவாளி அன்னைக்கு."

தீபாவளி அக்டோபர் முப்பத்தொன்று. எனக்கு ஏழாம் தேதியே தெரியும். இருபத்து நான்கு நாள். தினமும் எட்டு ரூபாய் டிக்கெட் தூரத்தில் இருந்தேன்.

"அவுககிட்டச் சொல்லிட்டேல்ல? போதும். போ" என்றார். கழுநீரை வடித்தார். காபி குடிக்கிறாயா என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் தாங்கியிருக்க மாட்டேன்.

19 டிசம்பர்

ஆச்சி வீடு. இந்த முறை உட்காரவில்லை. நின்றே சொன்னேன்.

"ஊர் ஊராப் போயி நானே திருப்பி வாங்கிக்கிறேன் ஆச்சி. அழைப்பு வச்ச பட்டியல மட்டும் தாங்க."

"திருப்பி வாங்கவா? சாந்திக்குக் குடுத்ததையா?"

"அந்த மண்ணு—"

"இந்தா பாரு. அறுபதுக்கு மங்கலமாக் குடுத்தத வீடு வீடாப் போயிப் பிடுங்கிட்டு வந்தேன்னா, அவுக ஆயுசுக்கு யாரு பதில் சொல்றது? நீயா?" குரல் உயரவே இல்லை. "நோயின்னாலும் நொடியின்னாலும் குடுத்தது குடுத்ததுதான். பட்டியல் கெடையாது."

நான் நகரவில்லை.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும் ஆச்சி."

"அன்னைக்கு வந்து சீப்புச்சீடை தின்னியே. அப்பவுமா?"

"அப்பவும்."

எழுந்து உள்ளே போய்விட்டார்கள். முற்றத்தில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த பெண் என்னைப் பார்க்காமல், "கதவச் சும்மா சாத்திட்டுப் போ" என்றாள்.

4 ஜனவரி 2025

விற்பனைக்கென்று வைத்திருந்த வாட்ஸ்அப் குழுவில் போட்டேன்: எங்களிடம் வாங்கிய எந்தச் செடியையும் தரையில் வைக்காதீர்கள், வைத்திருந்தால் சொல்லுங்கள், வந்து எடுத்துக்கொள்கிறேன். காரணத்தையும் எழுதினேன்.

ஒருவர் கட்டைவிரல் உயர்த்தினார். ஒருவர், "மல்லிகையுமா?" மல்லிகையும்தான். ஒருவர், "நல்ல மனசு சிஸ்டர்." மற்றவர்கள் ஒவ்வொருவராகக் குழுவை விட்டு வெளியேறினார்கள்.

குவியலைப் பிளாஸ்டிக் விரித்து மூடினோம். நான்கு ஓரத்திலும் கல்லைத் தூக்கி வைத்தது அம்மாதான். பொங்கல் முடிந்து பலகாரம் போடும் வீட்டுக்கு முறுக்குச் சுற்றப் போகிறாளாம். பக்கத்து வீட்டுக்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

9 பிப்ரவரி

பட்டியல் இல்லை. ஞாயிறுதோறும் ஏதோ ஒரு பேருந்து, ஏதோ ஓர் ஊர். பெரிய வீடுகளாகப் பார்த்துக் கதவைத் தட்டுகிறேன். பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. திறக்கிற இடத்தில், "நாகம்மை ஆச்சி வீட்டுச் சாந்திக்கு வந்தீகளா?" என்று ஆரம்பிக்கிறேன். நன்கொடை கேட்க வந்தவள் என்று நினைக்கிறார்கள்.

இன்று நாட்டரசன்கோட்டை. ஓர் அம்மா பெருமையாகக் கொல்லைக்குக் கூட்டிப்போனார். தரையில் வைத்து, முள் கட்டி, சாம்பல் தூவி... கன்று இடுப்புயரம். புதுத் தளிர். இரண்டு பக்கமும் கத்திரிப் பாத்தி.

"பிடுங்கவா? எம் மகளுக்குப் பிள்ள பொறந்த அன்னைக்கு வச்சது இது. யாரும்மா உன்ன அனுப்புனா?"

வேரைக் காட்டும் படத்தைக் காண்பித்தேன்.

"படத்தையெல்லாம் கொண்டாராத. செடி சிரிச்சுக்கிட்டு நிக்குது, கண்ணில்லையா உனக்கு? போயிரு ஆத்தா. நல்ல வார்த்த சொல்றப்பவே போயிரு."

சிரித்துக்கொண்டுதான் நின்றது. நான் நன்றாக வளர்ப்பவள்.

2 மார்ச்

மூன்று வீடு. ஒன்றுமில்லை.

13 ஏப்ரல்

கண்டனூர். நல்ல வெயில். இரண்டாவது தெருவில் என் வயதுப் பெண் ஒருத்தி கதவைத் திறந்தாள். கேள்வியை முடிப்பதற்குள் முகம் மாறிவிட்டது.

"ஐயோ, வாங்க. நீங்க வளத்ததா அது?"

பின்கட்டில் துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில், கொடுத்த பையிலேயே இருந்தது. பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. மண் பாளம் பாளமாக வெடித்து, நடுவில் ஒரு குச்சி.

"மன்னிச்சிருங்க. நடணும் நடணும்னு சொல்லிக்கிட்டே இருந்தேன். அப்பறம் ஊருக்குப் போயிட்டோம், வந்து பாத்தா... வளத்த உங்களுக்குக் கஷ்டமா இருக்கும்ல?" அவள் கண்ணில் உண்மையிலேயே நீர் கட்டியிருந்தது.

"தரையில மண்ணு எதுவும் கொட்டலியே?"

"இல்லங்க. இப்படியேதான் கெடந்துச்சு."

இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். "ரொம்ப நன்றி" என்றேன். அவளுக்குப் புரியவில்லை, காரணத்தைச் சொன்னேன். அதன்பிறகும் ஒருமுறை மன்னிப்புக் கேட்டாள்.

பேருந்தில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். பக்கத்து இருக்கைப் பெரியவர், "பட்டுப்போச்சே, இத எதுக்குத் தூக்கிட்டுப் போறே?" என்றார். இதுபோல் பட்டுப்போனது இன்னும் இரண்டு கிடைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்றேன். சற்றுத் தள்ளி உட்கார்ந்துகொண்டார்.