அருவிக்குப் பின்னால் ஒரு பீடி

என்னாங்க,

பெயர் சொல்லிக் கூப்பிட்டு எனக்குப் பழக்கமில்லை, இனிமேலும் வராது. முத்தியால்பேட்டை வீட்டில் எல்லாரும் சௌக்கியம். இன்றைக்கு உங்கள் படத்துக்குச் சாமந்தி போட்டிருக்கிறேன். ஒரு சேதி சொல்லணும். நான் உங்கள் அருவிக்குப் போய்விட்டு வந்தேன்.

ஆமாம், கல்வராயன் மலையில் இருக்கிற அதே அருவிதான். மில்லில் வேலை பார்த்த காலத்தில் சிநேகிதர்களோடு போனதாக, வீட்டுக்கு யார் வந்தாலும் உட்காரவைத்துச் சொல்வீர்களே. அருவிக்குப் பின்னால் பாறைக்குள் ஓர் ஆள் நிற்கிற இடம் இருந்ததாம். அங்கே நின்று நீங்கள் பீடி பிடித்தீர்களாம். முன்னால் அத்தனை தண்ணீர் கொட்டியும் பீடி அணையவே இல்லையாம். என் தம்பி கோவிந்தன் ஒவ்வொரு விசேஷத்திலும், "மாமா, அந்தப் பீடிய இன்னொரு தபா பத்த வைங்க" என்று உங்களைச் சீண்டுவான். நீங்களும் சளைக்காமல் பற்றவைப்பீர்கள்.

உங்கள் கருமாதி அன்றைக்கும் அவன் அதையே சொன்னான். அழுதுகொண்டிருந்த நாலு பேர் சிரிக்கட்டும் என்றுதான் சொன்னான், தப்பாக இல்லை. ஆனால் எனக்குச் சுருக்கென்றது. பதில் சொல்ல நீங்கள் இல்லாதபோது உங்களைப் புளுகர் என்று விட்டுவிட மனசு வரவில்லை. நானே போய்ப் பார்க்கிறேன், அந்த இடம் இருந்தால் நீ உன் மாமா படத்துக்கு முன்னால் தோப்புக்கரணம் போடணும் என்றேன். சரி என்றான்.

சாவு விழுந்த வீட்டில் வருஷம் திரும்பாமல் மலையேறக் கூடாதே. அதெல்லாம் சாமி இருக்கிற மலைக்குத்தான், அருவிக்கு என்ன என்று நம் சுகந்தி வாதாடினாள். மலை மலைதான் என்று நான் காத்திருந்தேன். போன மாதம் உங்களுக்கு வருஷத் திதி கொடுத்தோம். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே மகளும் மாப்பிள்ளையும் என்னைக் காரில் ஏற்றிவிட்டார்கள்.

வழியா அது? வண்டி நின்ற இடத்திலிருந்து ஒற்றையடிப் பாதை, அதுவும் கொஞ்ச தூரத்தில் காணாமல் போனது. அப்புறம் வேரைப் பிடித்து இறங்குவதும் பாறையில் உட்கார்ந்து சறுக்குவதும்தான். கனகசெட்டிக்குளத்து மணலில் நடந்து வளர்ந்த கால், கெஞ்ச ஆரம்பித்துவிட்டது. திரும்பிடலாமா அத்தை என்று மாப்பிள்ளை கேட்டார். நீங்க வேணும்னா போங்க என்றேன். பாவம், என் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தார்.

ரெண்டு பாறை மூஞ்சியோடு மூஞ்சி வைத்துக்கொண்டு நிற்கும், ஒருக்களித்துத்தான் நுழையணும் என்பீர்களே? அப்படியே நிற்கின்றன. எனக்கு ஒரே சந்தோஷம். நீங்கள் வந்தது நிஜம். அப்படியென்றால் மற்றதும் நிஜமாகத்தானே இருக்கணும்?

அருவி நீங்கள் சொன்ன உயரம் இல்லை, ஆனால் நல்ல அழகு. வழிகாட்ட வந்த மலைக்காரரிடம் அந்த இடத்தை விசாரித்தேன்.

"நான் பொறந்து வளந்ததே இங்கதாம்மா. தண்ணிக்குப் பின்னாடி வெறும் பாறைதான்" என்றார்.

நான் நம்பவில்லை. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, சுகந்தியின் கையைப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள்ளேயே போனேன். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை கையால் தடவினேன். ஆள் என்ன, ஒரு பல்லி ஒதுங்கக்கூட இடமில்லை.

அடப்பாவி மனுஷா, இத்தனை வருஷம் கூசாமல் சொல்லியிருக்கிறீர்களே! கோபம் கோபமாக வந்தது. அப்புறம்தான் நினைத்துப் பார்த்தேன். கல்யாணமான புதிதில் அம்மா வீட்டு ஏக்கத்தில் நான் சோற்றைத் தொடாமல் அழுத அன்றைக்குத்தானே இதை முதல்முதலில் சொன்னீர்கள்? அழுகையை நிறுத்திவிட்டு, பீடி நனையலையா என்று நான் கேட்டேன். அணையக்கூட இல்லை என்றீர்கள். அந்த நிமிஷத்தில்தான் அந்தப் பாறையைக் குடைந்தீர்களா? எனக்காகவா?

தண்ணீருக்கு அடியில் நின்று சிரித்தேன். அழவும் செய்தேன். மனசு லேசாகிவிட்டது.

வீட்டுக்கு வந்தால் கோவிந்தன் வாசலிலேயே காத்திருக்கிறான்.

"இன்னாக்கா, இருந்துச்சா?"

சுகந்தி என்னைப் பார்த்தாள். மாப்பிள்ளை வண்டியைப் பூட்டுகிற சாக்கில் தெருப்பக்கம் நழுவிவிட்டார்.

"இருந்துச்சுடா. நானே உள்ள நின்னுட்டு வர்றேன். ரெண்டு பேரு தாராளமா நிக்கலாம்" என்றேன்.

அவன் சந்தேகமாகச் சுகந்தி பக்கம் திரும்பினான்.

"ஆமாம் மாமா. அம்மா பொடவகூட நனையல" என்றாள்.

உங்கள் மகள்தான், சந்தேகமே இல்லை. கோவிந்தன் காதைப் பிடித்துக்கொண்டு உங்கள் முன்னால் உட்கார்ந்து எழுந்தான். பார்த்தீர்கள்தானே?

இனி அந்தக் கதைக்கு நான் பொறுப்பு. வருகிறவர்களை எல்லாம் உட்காரவைத்துச் சொல்வேன். நான் இருக்கிறவரை அந்தப் பீடியை அணையவிட மாட்டேன். நீங்கள் கொஞ்சம் தள்ளி நின்று எனக்கும் இடம் வைத்திருங்கள். அவசரமில்லை, மெதுவாகத்தான் வருவேன்.

உங்கள் புளுகில் சரிபாதி,
உங்கள் வீட்டுக்காரி சரோஜா