மூன்று மில்லிமீட்டர் தாடி

ஜனவரி 12

அன்புள்ள மாணவிக்கு,

நம் குடும்ப வரலாற்றில் முக்கியமான ஒரு முடிவு நேற்று மாலை எடுக்கப்பட்டது. நீண்ட ஆலோசனைக்குப் பிறகு, எதிர்ப்பு எதுவும் இல்லாமல் (வீட்டில் நான் மட்டும்தான் இருக்கிறேன்), தொலைபேசி இணைப்பைத் துண்டித்துவிடுவதென்று தீர்மானமாயிற்று. இன்று காலை கருவியையும் கொண்டுபோய் ஒப்படைத்துவிட்டேன். வாங்கிக்கொண்ட அலுவலர் காரணம் கேட்டார். கடிதம் எழுதும் பழக்கம் அழிந்து வருகிறது, அதைக் காப்பாற்றப் போகிறேன் என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "சொந்தக் காரணம்" என்று எழுதிக்கொண்டார்.

ஆகவே இனி ஞாயிற்றுக்கிழமை காலையில் ஹாஸ்டல் வராந்தாவில் போனுக்காக வரிசையில் நிற்காதே. மூன்று ஞாயிறாக என் குரலைப் பற்றியே கேட்டுக்கொண்டிருக்கிறாய். அதற்கும் இந்த முடிவுக்கும் சம்பந்தம் இல்லை. வெறும் பனி. ஸ்டேஷனில் எல்லோருக்கும் தொண்டை கட்டியிருக்கிறது. நான் அறிவிப்பாளன் என்பதால் என்னுடையது மட்டும் எல்லாப் பிளாட்பாரத்திலும் கேட்கிறது. இதில் ஒரு லாபமும் உண்டு. தாமதமான வண்டிகளுக்காக இருபது வருடமாக நிர்வாகத்தின் சார்பில் வருந்தி வருகிறேன். இப்போது கரகரத்த குரலில் வருந்தும்போதுதான் பயணிகள் முதல் தடவையாக நம்புகிறார்கள்.

சமையல் நன்றாக நடக்கிறது. பாத்திரங்கள்தான் ஒத்துழைப்பதில்லை. சவரம் செய்வதையும் நிறுத்தியிருக்கிறேன். பார்க்க ஆளில்லாத முகத்துக்கு எதற்குப் பிளேடு?

உன் வீட்டுக்காரன்


ஜனவரி 21

என்னங்க,

உங்கள் கடிதம் வந்தது. அதற்கு முன்பே வார்டன் அம்மா வந்துவிட்டார். "உங்க வீட்டு லைனே இல்லைங்குறாங்களே, ஏதாவது சண்டையா?" என்று கேட்டார். இங்கே கல்யாணமானவள் நான் ஒருத்திதான். அதனால் என் சண்டையில் ஹாஸ்டலுக்கே பங்கு உண்டு.

நம் ஊர் ஆஸ்பத்திரியின் எக்ஸ்ரே அறையில் பதினைந்து வருடம் வேலை பார்த்தவளுக்கு இந்தக் கதிர்வீச்சு சிகிச்சைப் படிப்பு சுலபமாக இருக்கும் என்று நினைத்துவிட்டேன். அங்கே படம் எடுத்தோம், மங்கலாக வந்தால் இன்னொன்று எடுத்தோம். இங்கே இன்னொன்று கிடையாது. பாடம் எடுப்பவர் என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது சின்னவர். முதலில் "மேடம்" என்பார், அப்புறம் திட்டுவார். பிள்ளைகள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் மில்லிமீட்டர். ஒருநாள் சொன்னார்: "மெஷினுக்கு மூளை கிடையாது. நீங்க காட்டின இடத்துல அடிக்கும். கட்டி நகர்ந்துடுச்சான்னு அது கேக்காது."

நகராமல் இருக்கத்தான் முகமூடி. தலை, கழுத்தில் கட்டி உள்ளவர்களுக்கு ஒரு பிளாஸ்டிக் வலையை வெந்நீரில் போட்டு, இளகியதும் முகத்தின் மேல் படரவிடுவோம். ஆறினால் முகம் அப்படியே அச்சாகிவிடும். தினமும் அதை மாட்டி, மேஜையோடு பூட்டிவிட்டுத்தான் சிகிச்சை. ஒருவர் முகத்தில் ஒருவர் செய்து பழகுகிறோம். என் முகத்துக்குச் செய்தவன் ஒட்டகம் என்கிற நெட்டைப் பையன். பார்த்தபோது எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

நோயாளியைப் பூட்டியதும் நாங்கள் எல்லோரும் வெளியே வந்துவிட வேண்டும். உள்ளே போவது மைக் வழியாக எங்கள் குரல் மட்டும்தான். அதற்கும் பயிற்சி உண்டு. என் முறை வந்ததும், உங்களோடு குடித்தனம் நடத்திய தோஷம், "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று ஆரம்பித்துவிட்டேன். மில்லிமீட்டர் சிரிக்கவில்லை.

பனி இங்கேயும் இருக்கிறது. யாருக்கும் குரல் போகவில்லை. தொண்டை எப்படி இருக்கிறது என்று உண்மையை எழுதுங்கள்.

உங்கள் வீட்டுக்காரி


பிப்ரவரி 2

அன்புள்ள மாணவிக்கு,

ஹாஸ்டலில் இருந்துகொண்டு வீட்டுக்காரி என்று கையெழுத்துப் போட உனக்கு உரிமை இருக்கிறதா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். இருக்கிறது என்றே தோன்றுகிறது. நீ விட்டுப்போன இடத்தில் எல்லாம் அப்படியே இருக்கிறது, தூசு உட்பட.

எனக்குப் பதவி உயர்வு. தொலைந்த பொருள்கள் அறைக்கு என்னைப் பொறுப்பாகப் போட்டிருக்கிறார்கள். அறிவிப்புகளை இப்போது டிக்கெட் கவுண்டர்காரர் பார்த்துக்கொள்கிறார். சில்லறை இல்லை என்று சொல்கிற அதே குரலில் ஒவ்வொரு வண்டியையும் அறிவிக்கிறார். என் அறையில் பேச வேண்டிய அவசியமே இல்லை. நான் ஒரு குடையைத் தூக்கிக் காட்டுவேன். வந்தவர் இல்லையென்று தலையாட்டுவார். இன்னொரு குடையைக் காட்டுவேன். நாள் முழுக்க இப்படிப் போகிறது. நடுவில் நிறையப் படிக்க முடிகிறது.

என் குரலையும் இங்கேதான் எங்கோ வைத்திருக்கிறார்கள். யாராவது அடையாளம் சொல்லிக் கேட்டால் கொடுத்துவிடுவேன்.

பக்கத்து வீட்டுக்காரர் தினம் ஒரு கைவைத்தியம் சொல்கிறார். அவர் வீட்டில் ஒருவருக்கும் பலிக்காதவை எல்லாம் என்னிடம் வருகின்றன. தாடி மட்டும் நன்றாக இருக்கிறது. ஒரு தத்துவஞானியின் தோற்றம் வந்திருக்கிறது. தத்துவம் இன்னும் வரவில்லை.

உன் வீட்டுக்காரன்


பிப்ரவரி 8

என்னங்க,

நேற்று தொண்டைப் பாடம். மூன்று வாரத்துக்கு மேல் குரல் கரகரப்பாக இருந்தால் உள்ளே பார்த்தே ஆக வேண்டும், புகை பிடிப்பவராக இருந்தால் ஒருநாளும் தள்ளிப்போடக் கூடாது என்றார் மில்லிமீட்டர். எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். நான் எழுந்து வெளியே வந்து ஸ்டேஷனுக்குப் போன் போட்டேன்.

டிக்கெட் கவுண்டர்காரர் எடுத்தார். "அண்ணிகிட்ட சொல்லக்கூடாதுன்னு எழுதிக் காட்டினாருங்க. வாயால சொல்லலை. அதனால நான் சொல்றேன்" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். இரண்டு மாதமாகவே இப்படித்தானாம். ஊர் டாக்டர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லிச் சீட்டும் கொடுத்திருக்கிறாராம். நீங்கள் அதைப் படிக்கிற புத்தகத்தில் அடையாளத்துக்கு வைத்திருக்கிறீர்களாம்.

கடிதம் எழுதும் பழக்கம் அழிந்தால் அழியட்டும். அதற்காக நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம்.

நான் கிளம்பிய அன்று வாசலில் நின்று கேட்டீர்கள்: "இந்த வயசுல படிச்சு யாரைக் காப்பாத்தப் போறே?" பதிலை இப்போது எழுதுகிறேன்.

திங்கட்கிழமை வண்டியில் நீங்கள் இங்கே வர வேண்டும். வராவிட்டால் செவ்வாய்க்கிழமை வண்டியில் நான் அங்கே வருவேன். பெட்டியோடு.

பெயருக்கு உங்கள் வீட்டுக்காரி


பிப்ரவரி 12

அன்புள்ள மாணவிக்கு,

பெட்டியைப் பரணில் ஏற்று. நான் வருகிறேன்.

சேரும்போது உனக்குக் கொடுத்த விதிமுறைப் புத்தகத்தை நீ படித்தாயோ இல்லையோ, நான் படித்தேன். வேறு புத்தகம் கையில் இல்லாத ஒரு மதியம் அது. வருகைப்பதிவு குறைந்தால் தேர்வு எழுத முடியாது. எழுதாவிட்டால் அடுத்த வருடம் மறுபடி சேர வேண்டும். அடுத்த வருடம் உனக்கு வயது வரம்பு தாண்டிவிடும். என் தொண்டையைப் பற்றிச் சொன்னால் நீ அடுத்த வண்டியிலேயே வந்து, எனக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்துக்கொண்டு இங்கேயே இருந்துவிடுவாய். அப்புறம் ஆயுள் முழுக்க அந்த எக்ஸ்ரே அறையில் மங்கலான படங்களைப் பார்த்துக்கொண்டிருப்பாய். என்னையும் அப்படியே பார்ப்பாய்.

போனில் பேசினால் ஐந்தாவது வார்த்தையில் கண்டுபிடித்துவிடுவாய். அதனால்தான் போன் போயிற்று.

வருகிறேன். ஒரே நிபந்தனை. என்னை எந்த மேஜையில் படுக்கவைத்தாலும், எந்தக் குழாயை உள்ளே விட்டாலும், அந்த நேரத்தில் நீ வகுப்பில் இருக்க வேண்டும்.

சிகரெட்டை நிறுத்தி ஒரு வருடம் ஆகிறது என்று டாக்டரிடம் சொல்வதாக இருக்கிறேன். ஒரு வாரம் ஆகிறது என்று உன்னிடம் சொல்லிவிடுகிறேன்.

உன் வீட்டுக்காரன்


மார்ச் 6

என்னங்க,

பத்திரமாக ஊர் போய்ச் சேர்ந்திருப்பீர்கள். டாக்டர் சொன்னதை நீங்கள் பாதிதான் கேட்டிருப்பீர்கள், அதனால் மறுபடி எழுதுகிறேன். குரல் நாணில் சின்னக் கட்டி. கெட்டதுதான், ஆனால் ஆரம்ப நிலை. வெட்ட வேண்டாம், ஏழு வாரம் கதிர்வீச்சு போதும். முதலில் குரல் இன்னும் மோசமாகும், பிறகு திரும்பி வர நல்ல வாய்ப்பு உண்டு.

சொந்தக்காரர்களுக்கு மாணவர்கள் சிகிச்சை செய்யக் கூடாது, தொடவும் கூடாது என்பது விதி. அதனால்தான் ஒட்டகம் உங்களுக்கு முகமூடி செய்தான். வகுப்புக்கும் வகுப்புக்கும் நடுவில் ஓடிவந்து கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தேன். நிபந்தனை மீறவில்லை. "அங்கிள் தாடிக்கே தனியா ஒரு முகமூடி வேணும் போல இருக்கு ஆன்ட்டி" என்றான். உங்கள் முகமூடி இப்போது அலமாரியில் நாலாவது தட்டில் இருக்கிறது. மூக்கு அச்சு அசலாக வந்திருக்கிறது. போகும்போதும் வரும்போதும் பார்த்துக்கொள்கிறேன்.

செய்முறைத் தேர்வு முடிந்தது. முகமூடிக் கேள்விகளுக்கு எனக்கு முழு மதிப்பெண்.

பதினேழாம் தேதி சிகிச்சை ஆரம்பம். தயவுசெய்து வரும்போது முகத்தைச் சரிபண்ணிக்கொண்டு மனிதராக வாருங்கள். காம்பவுண்டுக்குள் சாமியாரை யார் விட்டது என்று வார்டன் அம்மா வாட்ச்மேனைத் திட்டியிருக்கிறார்.

உங்கள் வீட்டுக்காரி


மார்ச் 17, நோயாளிகள் விடுதி

அன்புள்ள மாணவிக்கு,

எனக்குப் பேசத் தடை, உனக்கு வகுப்பு. ஆகவே இதை வார்டு ஆயாவிடம் கொடுத்தனுப்புகிறேன். நானூறு அடி தூரத்துக்குக் கடிதம் எழுதுவது எனக்கும் இதுதான் முதல் தடவை.

நீ சொன்னபடி மனிதனாக வந்தேன். நேற்றே சலூனுக்குப் போய், முகத்தை நீ ஊரைவிட்டுக் கிளம்பியபோது பார்த்த நிலைக்குக் கொண்டுவந்திருந்தேன். காலையில் மேஜையில் படுத்தேன். முகமூடியை மாட்டிப் பூட்டினார்கள். அது என்னைவிடப் பெரிய மனிதர் ஒருவருக்குச் செய்ததுபோல் இருந்தது. தலையை ஆட்டாதீர்கள் என்றார்கள். ஆட்டிப் பார்த்தேன், ஆடியது. மில்லிமீட்டர் குனிந்து, மோவாய்க்குக் கீழே எதையோ விட்டு அளந்துவிட்டு, "மூணு மில்லிமீட்டர்" என்றார். சாவுச் செய்தியைக்கூட யாரும் இவ்வளவு மரியாதையாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

இன்றைக்குச் சிகிச்சை இல்லை. மறுபடி முகமூடி, மறுபடி ஸ்கேன், மறுபடி கணக்கு. ஒரு வாரம் தள்ளிப்போகிறது. கட்டிக்கு இந்தத் தகவல் தெரிவிக்கப்பட்டிருக்கிறதா என்று தெரியவில்லை.

"யார் சார் உங்களை ஷேவ் பண்ணச் சொன்னது?" என்று கேட்டார். ஒரு தாளை வாங்கி, "சொந்தக் காரணம்" என்று எழுதிக் கொடுத்தேன். உன் கடிதம் என் சட்டைப் பையில்தான் இருந்தது. அங்கேயே இருக்கிறது. நீயும் வாயைத் திறக்காதே.

உன் வீட்டுக்காரன்


மார்ச் 18

என்னங்க,

திறந்துவிட்டேன்.

முகமூடி தளர்ந்துபோக மூன்று காரணங்கள் எழுதுக என்று தேர்வில் கேட்டிருந்தார்கள். உடல் மெலிவது, வீக்கம் வடிவது, தாடி மீசையை எடுப்பது. மூன்றையும் சரியாக எழுதி முழு மதிப்பெண் வாங்கிக்கொண்டு, அதே வாரத்தில் உங்களுக்கு அந்தக் கடிதத்தை எழுதியிருக்கிறேன். தேர்வு எழுதினவள் மாணவி, கடிதம் எழுதினவள் பெண்டாட்டி. இரண்டு பேரும் ஒரே அறையில் இருந்தும் பார்த்துக்கொள்ளவில்லை. ராத்திரி முழுக்க ஒரு வாரம், ஒரு வாரம் என்றே மனசு அடித்துக்கொண்டது.

காலையில் மில்லிமீட்டரிடம் போய்ச் சொன்னேன். அவர் திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது. ஒரு வாரத்தில் பெரிய மாற்றம் வராது, டாக்டரிடம் கேட்டுவிட்டேன் என்றார். பேனாவைத் திறந்தார். "மேடம், முகமூடி செஞ்சப்புறம் ஷேவ் பண்ணக்கூடாதுன்னு நோயாளிகிட்ட சொல்லணும்னு நம்ம விதியில இருக்கு. அன்னிக்கு யாரும் சொல்லலை, அது எங்க தப்பு. வீட்ல இருக்குறவங்ககிட்டயும் சொல்லணும்னு இல்லவே இல்லை. சேர்த்துடறேன்" என்றார்.

எனக்குத் தண்டனை உண்டு. இனி முகமூடி செய்கிற ஒவ்வொருவர் வீட்டாரையும் உட்காரவைத்துச் சவரத்தைப் பற்றி நான் பேச வேண்டும். அதோடு என் பயிற்சி நேரம் முழுக்க மைக் என் பொறுப்பு. உங்கள் நேரமும் அதில்தான் வருகிறது. உங்களைத் தொடக் கூடாது என்று விதி இருக்கிறது. பேசக் கூடாது என்று இல்லை. அவர் இரண்டு தடவை படித்துப் பார்த்துவிட்டுத்தான் சொன்னார்.

உங்கள் வீட்டுக்காரி


மே 14

அன்புள்ள மாணவிக்கு,

வீடு வந்து சேர்ந்தேன். குரல் சுத்தமாக இல்லை. டாக்டர் முன்கூட்டியே சொல்லியிருந்தபடி நடப்பதால் கௌரவமாக இருக்கிறது. கழுத்துத் தோல் கறுத்திருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் அதற்கும் ஒரு வைத்தியம் வைத்திருக்கிறார்.

அங்கே எழுத முடியாததை எழுதிவிடுகிறேன். ஒரு மனிதனை மேஜையோடு பூட்டி, இது உனக்கு நல்லது என்று சொல்லிவிட்டு, சொன்னவர்கள் எல்லோரும் ஓடிப்போய்க் கதவை மூடிக்கொள்கிறார்கள். முதல் நாள் அந்தக் கதவு மூடியபோது, நான் படித்த புத்தகம் ஒன்றுகூட ஞாபகத்துக்கு வரவில்லை. அப்போது கூரையிலிருந்து உன் குரல் வந்தது: "பயணிகளின் கனிவான கவனத்திற்கு. வண்டி புறப்படத் தயாரா இருக்கு. பயணி அசையாம படுத்திருக்கணும். ஒரு வாரத் தாமதத்துக்கு வருந்துறோம்."

சிரிக்க முடியாதபடி முகத்தைப் பூட்டியிருந்தீர்கள். கண்ணிலிருந்து மட்டும் தண்ணீர் வந்து காதுக்குள் போயிற்று. இருபது வருடமாக அந்த வாக்கியத்தைச் சொல்லியிருக்கிறேன். அதனால் ஒருவருக்காவது ஏதாவது பயன் இருக்கும் என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

மறுநாளிலிருந்து நீ ஒழுங்காக, "கண்ணை மூடிக்குங்க, சாதாரணமா மூச்சு விடுங்க" என்றுதான் சொன்னாய். மில்லிமீட்டர் பக்கத்தில் நின்றிருப்பார் என்று நினைக்கிறேன்.

தேர்வுக்குப் படி. பதில் எழுத வேண்டாம்.

உன் வீட்டுக்காரன்


ஆகஸ்ட் 23

அன்புள்ள வீட்டுக்காரிக்கு,

நீ தேர்ச்சி பெற்ற செய்தி வந்தது. அங்கேயே வேலைக்கு எடுத்துக்கொண்டதும் தெரிந்தது. ஜன்னல் பக்கம் வெயில் வருகிற மாதிரி வீடு பார். தொலைந்த பொருள்கள் அறையை ஒப்படைத்துவிட்டு மாற்றலுக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறேன். கிடைக்கும்வரை இந்த ஊர்தான்.

டாக்டர் போன வாரம் தொண்டைக்குள் குழாயை விட்டுப் பார்த்தார். கட்டி இல்லை என்றார். நாணைப் பார்த்துக்கொண்டே ஏதாவது சொல்லச் சொன்னார். என்ன சொன்னேன் என்று உனக்கே தெரியும்.

தொலைபேசி அலுவலகத்துக்குச் சென்ற மாதமே போயிருந்தேன். அதே அலுவலர்தான் இருந்தார். கடிதம் எழுதும் பழக்கம் என்ன ஆயிற்று என்று கேட்டார். வாயாலேயே பதில் சொன்னேன். புதிய விண்ணப்பதாரர்களின் வரிசையில் என்னைக் கடைசியாகச் சேர்த்தார்.

நேற்று இணைப்பு வந்துவிட்டது. பழைய எண்ணைக் கோழிக்கடைக்குக் கொடுத்துவிட்டார்கள். புதிய எண் பின்பக்கம் இருக்கிறது.

உன் வீட்டுக்காரன்