மாதம்மாவுக்கு வைத்திருந்த கோடி

என் சவுரியக்காவுக்கு,

போன இடத்தில் சுகமாக இருக்கிறாயா என்று கேட்டுத் தொடங்கலாமா? வேறு எப்படித் தொடங்குவது என்று எனக்குத் தெரியவில்லை. நீ போகும்போது கதிர் விட்டிருந்த கேழ்வரகை அறுத்துக் களம் சேர்த்தாயிற்று. வெள்ளைக்காரன் சண்டை இன்னும் முடிந்தபாடில்லை. மண்ணெண்ணெய்க்கும் துணிக்கும் இன்னும் வரிசையில்தான் நிற்கிறோம்.

எனக்கு இதுவரை அழுகை வரவில்லை, அக்கா. உன்னைக் குழியில் இறக்கியபோதும் வரவில்லை. வெகுநேரம் சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டு எழுந்தால், மரத்துப்போன கால் நம்முடையதுதானா என்று சந்தேகமாக இருக்குமே, எனக்கு உடம்பு முழுக்க அப்படி இருக்கிறது. "கல்லாட்டம் குந்தியிருந்தா எப்புடி? எங்கியாச்சும் போயிட்டு வாங்க" என்று என் பெண்டாட்டி விரட்டினாள்.

எங்கே போவது? ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நீ போவாயே, கன்னியர் மடத்து முதியோர் வீடு, அங்கே போனேன். உன் வேலையை நானே எடுத்துக்கொண்டேன். நகம் வெட்டுகிறேன், கஞ்சி ஊட்டுகிறேன், நடக்க முடியாதவர்களைத் தூக்கி வந்து வெயிலில் உட்காரவைக்கிறேன். ஆம்பளைக்கு எதற்கு இந்த வேலை என்று கம்பைநல்லூர்ச் சனம் சிரிக்கிறது. சிரித்துவிட்டுப் போகட்டும்.

நீ இறந்ததை அங்கே யாருக்கும் சொல்லியிருக்கவில்லை. "இப்பவே சொல்லாதீங்க. பொம்பளைங்க ரூம்ல ரெண்டு பேரு ரொம்ப முடியாம கெடக்கறாங்க. மெல்லச் சொல்லிக்கலாம்" என்றார் மதரம்மா. உனக்குக் காய்ச்சல், மகள் லூர்து வீட்டில் இருக்கிறாய் என்று சொல்லிவைத்திருந்தார்கள். எனக்கும் அது வசதியாகப் போயிற்று. கண் தெரியாத அந்தக் கன்னடக்காரத் தாத்தா, காலடிச் சத்தம் கேட்டாலே "அக்கா பந்த்லா?" என்கிறார். நீ வந்தாயா என்று. நான் அடுத்த வாய்க் கஞ்சியை ஊட்டிவிடுவேன்.

வத்தல்மலை மாதம்மாவைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டுமா? வாய் ஓயாது. ஒருநாள் அவளுக்கு நகம் வெட்டிக்கொண்டிருந்தேன்.

"ஏப்பா, சவுரி பெட்டியத் தொறந்து பாக்கறியா? எலி கிலி பூந்துடப் போவுது."

"என்ன பெட்டி ஆயா?"

"எங்கோடி அதுலதான் இருக்குது. அரக்குச் சேலை. முந்தி மூலையில நாந்தான் மஞ்ச வெச்சுக் குடுத்தேன். கூடப் பொறந்தவனுங்க அத்தினி பேரையும் பிளேக்கு வாரிட்டுப் போயிருச்சு. பொறந்த வூட்டுக் கோடி இல்லாம எவ நிம்மதியாப் போவா? 'நா இருக்கறன், நா போடறன்'னு சொன்னா உங்கக்கா."

எனக்கு அப்போதுதான் விளங்கியது. உனக்குத்தான் தெரியாதே, கேள். நீ கண்ணை மூடியதும் நான் கோடித் துணி எடுக்க ஓடினேன். தம்பி நான் உயிரோடு இருக்கும்போது உனக்குப் பிறந்த வீட்டுக் கோடி இல்லாமல் போகலாமா? ஜவுளிக்கடைக்காரர் கையை விரித்தார். துணி அளக்கிற கண்ட்ரோல் கடை பூட்டிக் கிடந்தது. வெறுங்கையோடு திரும்பி வந்த என்னைப் பார்த்துவிட்டு லூர்து உன் பெட்டியைத் திறந்தாள். "மாமா, புதுச்சேலை ஒண்ணு இருக்குதுங்க. மஞ்ச கூட வெச்சிருக்குது. அம்மா யாருக்கு வெச்சிருந்தாங்கன்னு தெரியலீங்களே" என்றாள். யாருக்காக இருந்தால் என்ன, புதுசு. அதை வாங்கி உன் மேல் நான்தான் போர்த்தினேன். அதோடுதான் உன்னை மண்ணுக்குள் வைத்தோம்.

இதை எப்படி அவளிடம் சொல்வது? அவளோ நான் போகிறபோதெல்லாம் பெட்டியை விசாரித்தாள். "எலி இல்ல ஆயா" என்பேன். அது பொய்யில்லை.

பிறகு, முடியாமல் கிடந்த இரண்டு பேரில் ஒரு கிழவி இறந்துபோனாள். கேட்பார் யாருமில்லை. சிஸ்டரம்மாக்கள் பழைய துப்பட்டி ஒன்றைத் துவைத்து ஒட்டுப் போட்டுச் சுற்றினார்கள். அவர்கள்தான் என்ன செய்வார்கள், துணி எங்கே இருக்கிறது? மாதம்மா வாசற்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "பாவம், பழந்துணியில போறா. எனக்கு அந்தக் கொறை இல்ல" என்று என்னைப் பார்த்துச் சொன்னாள்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. மதரம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு, அவளுக்கு எதிரில் போய் உட்கார்ந்தேன்.

"அக்கா போயிருச்சு ஆயா. அந்தச் சேலையை அதுக்குப் போட்டுட்டோம். உனக்குன்னு எங்களுக்குத் தெரியாது."

அவள் காலில் கிடந்த வெயில் நகர்ந்து சுவருக்குப் போயிற்று. வைவாள் என்று காத்திருந்தேன். வைதிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

"அவளுக்கு நல்லா இருந்துச்சா?" என்றாள்.

"எது?"

"சேலைடா."

"நல்லா இருந்துச்சு ஆயா."

"இருக்கும். செவத்தவ. அரக்கு அவளுக்கு எடுப்பாத்தான் இருக்கும்." மூக்கைச் சிந்தி முந்தானையில் துடைத்துக்கொண்டாள். "அப்ப எஞ்சேலைதான் அவளுக்குக் கோடி. நா வெச்ச மஞ்சளோட. கோடி போட்டவ பொறந்த வூட்டுக்காரிதான? அவ எந்தங்கச்சி. அவ தம்பி எனக்கும் தம்பி. இனிமே ஆயா கீயான்னு கூப்புட்டீன்னா பல்லு பேந்துரும். அக்கான்னு கூப்புடு."

கூப்பிட்டேன். நீ போன பிறகு அந்தச் சொல்லால் வாய்விட்டு யாரையும் கூப்பிட்டதில்லை.

"எங்கோடியை இனி நீதான் கொண்டாரணும். தம்பி ஒருத்தன் இருக்கறப்ப மடத்துத் துப்பட்டியில நா போவ மாட்டேன். அவசரமில்ல, மெதுவாக் கொண்டா. அது வர வரைக்கும் இங்கியேதான் குந்தியிருப்பேன், பாத்துக்க."

சொன்னால் சொன்னதுதான், அவள் அப்படிப்பட்டவள். கோடி வரும்வரை இரு என்று உன்னைப் பிடித்துவைக்க நமக்குத் தோன்றாமல் போயிற்றே, அக்கா.

கோடி எடுப்பேன். கண்ட்ரோல் கடைக்குத் துணி வருகிற அன்றைக்கு முதல் ஆளாய் நிற்பேன். அங்கே இல்லையென்றால் பாப்பாரப்பட்டிச் சந்தை, அங்கும் இல்லையென்றால் சேலம். அரக்கே பார்த்து எடுப்பேன். வேப்பிலை போட்டு உன் பெட்டியில்தான் வைப்பேன். ஆனால் எடுத்துவிட்டேன் என்று அவளிடம் சொல்ல மாட்டேன். எப்போது கேட்டாலும், இன்னும் கிடைக்கவில்லை அக்கா என்றுதான் சொல்லப்போகிறேன். நீயும் காட்டிக்கொடுத்துவிடாதே.

உங்கள் இரண்டு பேருக்கும் தம்பி,
சின்னப்பன்