தாண்டிப் போன ரயில்

திண்டுக்கல்
8-3-64

அன்பு மகன் தங்கமுத்துவுக்கு அப்பா சோலைமுத்து மனம் நிறைந்த ஆசியுடன் எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம், தோட்டத்துக் கத்தரியும் சுகம், மயிலைக்காளை மட்டும் ஒரு காலை லேசாக நொண்டுகிறது. நீ அந்தப் பிலாய் உருக்காலையில் வெந்ததைத் தின்கிறாயா வேகாததைத் தின்கிறாயா என்பதுதான் உன் அம்மாவின் கவலை, அதற்கு முதலில் பதில் எழுது.

நம் ரயில்வே கேட்டை நீ மறந்திருக்க மாட்டாய். சந்தைக்குக் காய் ஏற்றிப் போகும்போது நம் வண்டியைக் கண்டதும்தான் அதைச் சாத்துகிறார்கள் என்று சலித்துக்கொள்வாயே, இனி அந்தத் தொல்லை இல்லை. இரண்டு பக்கமும் மண்ணைக் குவித்து ரோட்டுக்கு மேலே பாலம் கட்டித் தண்டவாளத்தைத் தூக்கிவிட்டார்கள், மேலே ரயில், கீழே நாம், யாருக்காகவும் யாரும் நிற்க வேண்டாம். முந்தாநாள் வெள்ளிக்கிழமை முதல் ரயில் அதன்மேல் ஓடியது. பாலம் தாங்காது என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவர்கள்தான் முன்னால் வந்து நின்றார்கள். நானும் அம்மாவும் உன் தங்கச்சி ஜக்கம்மாளும் மாப்பிள்ளை கருப்புசாமியும் போயிருந்தோம். நீ இன்னும் முகம் பார்க்காத உன் மருமகள், அவர்கள் பாப்பாவும் வந்தாள், வந்ததும் தூங்கிப் போனாள். வெயில் தாளாமல் பாலத்துக்கு அடியில் ஓரமாகச் சேலையை விரித்து அவளைக் கிடத்தினோம். செத்த நேரத்தில் மதுரைக்குப் போகும் வண்டி வந்தது. இஞ்சின் மேலே ஏறியதும் பாலம் முழுக்க அதிர்ந்தது, கரித்தூள் என் வெள்ளை வேட்டியில் கொட்டியது, ஜனங்கள் கை தட்டினார்கள், எனக்கும் உள்ளுக்குள் பெருமையாகத்தான் இருந்தது.

அப்போதுதான் உன் அம்மா தலையில் கை வைத்து உட்கார்ந்தாள். படுத்திருக்கிற பிள்ளையை ரயில் தாண்டிப் போயிருச்சே, பிள்ளை எப்படி வளரும் என்றாள். ஆள் தாண்டினால்தானே அந்தப் பேச்சு, ரயிலுக்குக் காலா இருக்கிறது என்று கேட்டேன். சிரித்ததற்கு வாங்கிக் கட்டிக்கொண்டேன். யாராவது பிள்ளையைத் தாண்டினால் அவரையே திரும்பித் தாண்டச் சொல்வது நம் வழக்கம்தானே, அதனால் போன வண்டி திரும்பி வந்து தாண்டுகிற வரைக்கும் பிள்ளையைத் தூக்க விடமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள். கூட்டம் கலைந்து போனது, நாங்கள் மட்டும் ரோட்டோரம் குடும்பத்தோடு காவல் இருந்தோம். போகிற வருகிறவர்கள் யாருக்கு என்ன ஆயிற்று என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

மாப்பிள்ளை கோபித்துக்கொள்வார் என்று பயந்தேன். அவர் போய் எல்லோருக்கும் காப்பி வாங்கி வந்தார். உட்கார்ந்து குடிக்கும்போது அவராகவே உன் பேச்சை எடுத்தார். கல்யாணப் பந்தியில் அவர் வீட்டார் உன்னை முதல் வரிசையில் உட்கார வைக்கவில்லை என்று நீ பாதி இலையில் எழுந்து ரயிலேறிப் போனது அவருக்கும் ஆறாமல் இருக்கிறது. பாப்பாவுக்குக் காது குத்தச் சித்தப்பா மகன் மடி போதும் என்று நீ எழுதியதை ஜக்கம்மாள் சொல்லியிருப்பாள் போல. மச்சான் இருக்கையில இன்னொருத்தன் மடியில எம்பிள்ளைக்குக் காது குத்தவா, வரச் சொல்லுங்க மாமா, நானே இலை போட்டு உக்கார வைக்கிறேன் என்றார். ஜக்கம்மாள் அந்தப் பக்கம் திரும்பி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். அவளுக்கு அண்ணன் என்று வேறு யார் இருக்கிறார்கள், எனக்கும் தாளவில்லையப்பா.

பொழுது சாயும் நேரத்தில் மதுரையிலிருந்து வண்டி திரும்பி வந்தது. பாப்பா விழித்துக்கொண்டு மேலே பார்த்துக் காலை உதைத்தாள். போன வண்டிதானா இது என்று அம்மா ஒன்றுக்கு இரண்டு தரம் கேட்டாள், அதேதான் என்று நானும் சத்தியம் செய்தேன், எனக்கு எப்படித் தெரியும். பிள்ளையைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். போன ரயிலே திரும்பி வந்துருச்சு, நம்ம தங்கமுத்துவுக்கு வர என்ன கேடு என்றாள்.

வெயிலில் தலைக்கு எண்ணெய் வை, பட்டினி கிடக்காதே. நோய் நொடியில்லாமல் நூறாண்டு இரு. காதுகுத்து வைகாசி முதல் முகூர்த்தத்தில், லீவு இப்போதே சொல்லி வை. கேட்டில்கூட இனி நிற்க வேண்டியதில்லை, நேராக வீட்டுக்கு வா.

இப்படிக்கு,
உன் மடியை நம்பி நாள் குறித்துவிட்ட அப்பா,
சோலைமுத்து