பட்டியலில் முதல் பெயர்

ஸ்டென்சில் மையின் வாசனை உனக்குத் தெரிந்திருக்காது. மண்ணெண்ணெயில் பழைய தோல் செருப்பை ஊறவைத்த மாதிரி ஒரு நாற்றம். இன்று காலை எங்கள் கல்லூரி அலுவலகத்தில் எம்.ஏ. அரசியல் வகுப்புக்கான தேர்வுப் பட்டியலைச் சைக்ளோஸ்டைல் மெஷினில் உருட்டி எடுத்தார்கள். ஈரம் காயாத தாளைப் பியூன் என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார். மேலே தேர்வானவர்களின் பெயர்கள், நடுவில் ஒரு கோடு, கோட்டுக்குக் கீழே காத்திருப்போர் பெயர்கள். இந்த வருஷம் பட்டியலைத் தயாரித்தது நான்தான். அந்தக் கோட்டைப் போட்டவனும் நான்தான்.

தாளைக் கையில் எடுத்ததும் உன் ஞாபகம் வந்துவிட்டது. பங்குனியில் நீ போய்ச் சேர்ந்தாய். மஞ்சள் காமாலை என்று உன் தம்பி கார்டு போட்டிருந்தான். அது என் கைக்கு வருவதற்குள் காரியமும் முடிந்திருந்தது. பிறகு உங்கள் தெருவுக்கு வந்தபோது எல்லோரும் ஒரே குரலில் உன்னை நல்லவன், நல்லவன் என்றார்கள். எனக்கு அந்த வார்த்தையைக் கேட்டாலே வயிறு எரிகிறது. நீ கொஞ்சம் பொல்லாதவனாக இருந்திருந்தால் இன்று இந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பாய். நான் எங்கள் ஊர் தாமலில் ஏரித் தண்ணீருக்குப் பங்காளியோடு சண்டை போட்டுக்கொண்டு நிம்மதியாக இருந்திருப்பேன்.

ஆட்சி மாறிய வருஷம் அது. நாம் பி.ஏ. முடித்திருந்தோம். ஊரே ஜெயித்தவர்களைப் பற்றியும் தோற்றவர்களைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தபோது உனக்கு மட்டும் வேறு கவலை. "ஜெயிச்சவன் யாருன்னு எல்லாரும் பேசிக்கினு இருக்காங்க. எங்க தெருவுல காலங்காலமா ஒரே பக்கம் ஓட்டுப் போட்டவங்க இந்தத் தடவ ஏன் மாத்திப் போட்டாங்கன்னு எவனாவது கேக்கறானா? நான் கேக்கப் போறேன்பா. அதுக்குத்தான் எம்.ஏ." என்றாய். எனக்கு அப்படி எந்தக் கேள்வியும் இல்லை. நீ மனு போட்டாய், கூட நானும் போட்டேன், அவ்வளவுதான். தாமலுக்குத் தபால் எப்போது வரும் என்று சொல்ல முடியாது என்பதால் இரண்டு மனுவிலும் பிள்ளையார்பாளையம் உன் வீட்டு விலாசத்தையே எழுதினோம்.

சென்னைக்குப் போய் நேர்முகமும் முடித்துவிட்டு வந்தோம். அதற்குப் பிறகு காத்திருப்பதுதான் வேலை. நான் தினமும் சைக்கிள் மிதித்து உன் வீட்டுக்கு வந்துவிடுவேன். காலையில் தெரு நீளத்துக்குப் பாவு நூலை இழுத்துக் கட்டிக் கஞ்சி போட்டுக்கொண்டிருப்பார்கள். தபால்காரர் தெருமுனையிலேயே சைக்கிளை நிறுத்திவிட்டுச் சுவரோரமாக ஒருக்களித்து நடந்து வருவார். அவர் தலை தெரிந்ததும் உள்ளே தறிச் சத்தம் தடுமாறும். சேலையின் உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம் என்றால் தறியில் இரண்டு பேர் வேண்டும். தறிக் குழியில் காலை விட்டு உன் நைனா நூல் சுற்றிய நாடாக் கட்டையை எறிவார். பக்கத்தில் உட்கார்ந்து கரையின் நாடாவை நீ எறிவாய். உன் கண் வாசலுக்குப் போனால் அவருக்கு உடனே தெரிந்துவிடும்.

"வந்தா கூப்புட்டுக் குடுப்பாரு. நீ இங்க பாரு" என்பார். பிறகு என்னைப் பார்த்து, "ஏம்பா, அரசியல்னா மேடை ஏறிப் பேசறதுக்கா சொல்லித் தருவாங்க?" என்று கேட்பார்.

"இல்ல நைனா. ஆட்சி எப்படி நடக்குதுன்னு படிக்கறது" என்பாய் நீ.

"அத்தான் தெனம் பாத்துக்கினு இருக்கமே. அதுக்குன்னு தனியா ஒரு படிப்பா?"

நாம் சிரிப்போம். அவரும் சிரிப்பார். உன் நைனாவின் மேல் எனக்கு இருக்கும் கோபம் இந்த இடத்துக்கு வந்தால் மட்டும் கொஞ்சம் தளர்ந்துபோகும்.

ஆனி பாதியாகியும் ஒன்றும் வரவில்லை. பக்கத்துத் தெருப் பையனுக்குப் பி.எட். சீட்டு ஒருவர் சொல்லித்தான் கிடைத்ததாம் என்று யாரோ உன் நைனாவின் காதில் போட்டார்கள். மறுநாளே அவர் வெற்றிலை பாக்கு, பழத்தட்டோடு மில்காரர் வீட்டுக்குக் கிளம்பினார். நம்மையும் கூட்டிக்கொண்டு போனார். மில்காரரை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கூரத்துப் பக்கம் நிலபுலம், ஊருக்குள் நெல் மில், அதற்கு மேல் அரசியல். ஆட்சி மாறிய வாரத்திலேயே அவர் தோள் துண்டின் கரையும் மாறியிருந்தது. கூடத்தில் ஒரு டெலிபோன், அதற்குப் பூப்போட்ட உறை.

"பையன் அரசியல் படிக்கப் போறானா? பேஷ். மெட்ராஸ்ல எல்லாம் நமக்கு வேண்டப்பட்டவங்கதான். நான் ஒரு வார்த்த சொல்லிடறேன், போ" என்றார். பேச்சோடு பேச்சாக, ஆவணியில் மகளுக்குக் கல்யாணம், முகூர்த்தச் சேலைக்கு நல்ல கையாகத் தேடிக்கொண்டிருப்பதாகவும் சொன்னார். உன் நைனா துண்டை இடுப்பில் இறக்கிக் கட்டிக்கொண்டு, "அது எங்க வேலங்க. நானும் என் புள்ளையும் நெஞ்சு தரோம்" என்றார். வழியெல்லாம் அவருக்கு ஒரே பூரிப்பு. "அவுரு வாயால செய்யறாரு, நாம கையால செய்வோம். அதான் மரியாத" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

அதிகாரம் எங்கிருந்து வருகிறது என்று பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதினவன் நீ. அது பூப்போட்ட உறைக்குப் பின்னால் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தபோது உனக்கு அடையாளம் தெரியவில்லையே. எனக்கும்தான் தெரியவில்லை. ஆனால் நான் உன்னளவு படித்தவன் இல்லை.

சேலையைத் தறியில் ஏற்றுவதற்கு முன் உன் நைனா மறுபடி போய், லிஸ்ட்டு எப்போது வரும் என்று கேட்டார். "லிஸ்ட்டு ஆவணி தாண்டித்தான் வரும், விசாரிச்சிட்டேன்" என்று மில்காரர் அடித்துச் சொன்னாராம். அந்தத் தைரியத்தில் கற்பூரம் ஏற்றி வேலையைத் தொடங்கினீர்கள். அரக்கு உடல், பச்சைக் கரை.

ஆடி பிறந்து கொஞ்ச நாளில் தபால்காரர் சுவரோரமாக வந்தார், கையில் இரண்டு கார்டு. உன் பெயர் தேர்வுப் பட்டியலில் முதலாவது. என் பெயர் காத்திருப்போரில் முதலாவது. வெள்ளிக்கிழமை மாலைக்குள் நேரில் வந்து சேர வேண்டும், தவறினால் இடம் அடுத்தவருக்கு என்று கீழே அச்சடித்திருந்தது. உன் நைனா உன் கார்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். சாமி படத்துக்கு முன்னால் வைத்து, "அவுரு வார்த்த பலிச்சிடுச்சி" என்றார். நேர்முகத்துக்கு நீ விழுந்து விழுந்து படித்ததைப் பற்றி அந்த வீட்டில் ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. நீயும் சொல்லவில்லை.

சேலையில் இன்னும் முந்தானை பாக்கி. உன் தம்பியை உட்கார வைத்துவிட்டுக் கிளம்பு என்று நான் கத்தினேன். நினைவிருக்கிறதா? உன் நைனாதான் பதில் சொன்னார்.

"ஆளு மாறினா அடி மாறும்பா. அடி மாறினா சேலையில கோடு விழும். முகூர்த்தச் சேலைக்கு ஏத்தின கையேதான் எறக்கணும். கோடு விழுந்த சேலையக் கட்டிக்கினு அந்தப் பொண்ணு மணையில உக்காந்தா, நாளைக்கு எது நடந்தாலும் அந்தக் கோட்டதான் சொல்லுவாங்க. அதுவும் யார் ஊட்டுச் சேல இது?"

"அப்ப சீட்டு?"

"வாங்கிக் குடுத்தவருக்கு நாலு நாள் நிறுத்தி வெக்கத் தெரியாதா? அவுரு பேரச் சொன்னா போதும்."

உங்கள் கணக்கு அப்படித்தான் இருந்தது. மில்காரர் சொல்லி வந்த இடம் என்றால் அவர் சொன்னால் நிற்கும். அவரைத் தேடிப் போனால் ஆள் பத்திரிகை வைக்கத் திருத்தணிப் பக்கம் போயிருந்தார். வீட்டில் சொல்லிவிட்டு வந்துவிட்டார் உன் நைனா. வெள்ளிக்கிழமை காலையில் நீ என்னிடம், "நீ போய் ஆபீஸ்ல சொல்லுபா. திங்கக்கெழம வந்து நிப்பேன்னு சொல்லு" என்றாய். சொல்லி முடிப்பதற்குள் உன் கை மறுபடி நாடாவில் இருந்தது.

சென்னையில் அந்த அலுவலக வராந்தாவில் மாலைவரை நின்றேன். தலைமை எழுத்தர் உன் பெயரைக் கூப்பிட்டார். முழுப் பெயர், இனிஷியலோடு. நான் முன்னால் போய் விஷயத்தைச் சொன்னேன். மில்காரர் பெயரையும் சொன்னேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "யாருய்யா அது?" என்றார்.

விளக்கிச் சொன்னேன். ஊரைச் சொன்னேன், மில்லைச் சொன்னேன். அவர் பட்டியலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "வெயிட்டிங் லிஸ்ட்ல மொதல் பேரு நீதானே? அவன் வரலேன்னா உனக்கென்னப்பா கஷ்டம்? கையெழுத்துப் போடு. இல்லேன்னா அடுத்தவனக் கூப்பிடறேன்" என்றார். எனக்கு அடுத்தவன் என் முதுகுக்குப் பின்னாலேயே நின்று மூச்சு விட்டுக்கொண்டிருந்தான். போட்டேன். உன் இடம் எவனோ ஒருவனுக்குப் போவதைவிட எனக்கு வரட்டும் என்று நினைத்தேன். இன்றைக்கும் அதில் தப்பு இருப்பதாக நினைக்கவில்லை.

மறுநாள் வந்து சொன்னேன். உன் நைனா நாடாவை நிறுத்திவிட்டார். நீதான், "சரி, உடு. நீயாச்சும் போ. நைனா, எறிங்க, கரை நிக்குது" என்றாய். உன் முகத்தில் ஒன்றுமே இல்லை. நீ ஒரு தட்டையாவது தூக்கி எறிந்திருக்கக் கூடாதா? எனக்காகவாவது?

சேலை பிரமாதமாக வந்தது. அதை மறுக்க முடியாது. ஆவணிக் கல்யாணத்தில் அந்தப் பெண் அதைக் கட்டிக்கொண்டு மணையில் உட்கார்ந்தபோது எல்லோரும் சேலையைத்தான் பார்த்தார்கள். நம்மைக் கடைசிப் பந்தியில் உட்கார வைத்தார்கள். சாப்பிட்டு வெளியே வந்தபோது மில்காரர் வாசலில் சந்தனக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். உன் நைனா கும்பிட்டார். மில்காரர் உன் தோளில் தட்டி, உன் நைனாவைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தார்.

"அட, உன் பையன் விஷயமா மெட்ராஸுக்கு போன் பண்ணணும், பண்ணணும்னு இருந்து மறந்தே போச்சுபா. கல்யாண அலச்சல் பாரு. யார்கிட்டயும் ஒரு வார்த்த சொல்லல. அதனால இன்னா, அடுத்த வருஷம் பாத்துக்கலாம். சாப்டீங்களா?"

சாப்பிட்டோம் என்றார் உன் நைனா.

திரும்பும்போது அவர் நமக்கு வெகுதூரம் முன்னால் நடந்தார். தலை நிமிரவே இல்லை. தேரடி தாண்டியதும் நீ என் கையைப் பிடித்து நிறுத்தினாய். நீ அழப்போகிறாய் என்று நினைத்தேன். உன் முகத்தில் இருந்தது சந்தோஷம். கார்டு வந்த நாளில்கூட நான் பார்க்காத சந்தோஷம்.

"அப்போ, நானே வாங்கினதாபா அது?" என்று கேட்டாய்.

அந்த இடம் அப்போது என் பெயரில் இருந்தது. என்னவென்று பதில் சொல்வேன்? நீ பதிலுக்குக் காத்திருந்துவிட்டு, கையை விட்டுவிட்டு நடந்தாய். அதற்குப் பிறகு நீ அதைக் கேட்கவே இல்லை.

அடுத்த வருஷம் மனு போடு என்று நான் சண்டை பிடித்தபோது, "உன் ஜூனியரா வந்து கைகட்டி உக்காரணுமா? போய்யா" என்று சிரித்தாய். அதற்கடுத்த வருஷம் உன் நைனாவுக்குக் கை விளங்காமல் போய், தறிக் குழிக்குள் நீ இறங்கிவிட்டாய். விடுமுறைக்கு வரும்போதெல்லாம், "ஏன் மாத்திப் போட்டாங்கன்னு கண்டுபுடிச்சியா?" என்று மட்டும் கேட்பாய். நான் கண்டுபிடிக்கவில்லை. பாடம் நடத்துகிறேன், சம்பளம் வாங்குகிறேன். உன் கேள்வியை இத்தனை வருஷத்தில் எந்த மாணவனும் கேட்கவில்லை, கேட்டாலும் என்னிடம் பதில் இல்லை. உனக்குக் கிடைத்திருந்தால் அது உன் கேள்வியைக் கேட்கும் இடம். எனக்கு அது உத்தியோகம்.

இந்த ஆனி முழுக்க என் மேஜை டெலிபோன் ஓயவில்லை. என் மாமன் பேசினார், மந்திரிக்கு வேண்டியவர் பேசினார், எங்கள் ஊர்க்காரர்கள் பேசினார்கள். அத்தனை பேரும் பேசியது கோட்டுக்கு அருகில் தொங்கிக்கொண்டிருந்த பெயர்களுக்காக. பட்டியலின் முதல் பெயருக்காக ஒருவரும் பேசவில்லை. ஒவ்வொரு மதிப்பெண்ணாகக் கூட்டி அந்தப் பெயரை மேலே எழுதியபோதுதான் எனக்கு உறைத்தது. முதல் பெயருக்கு யாரும் பேச வேண்டியதே இல்லை.

தேர்வானவர்களுக்குப் போகும் கார்டில் ஒரு வரி சேர்த்திருந்தேன்: 'இந்த இடம் உங்கள் மதிப்பெண்ணுக்குக் கிடைத்தது. இதற்காக நீங்கள் யாருக்கும் எதுவும் செய்ய வேண்டியதில்லை.' அலுவலகக் கண்காணிப்பாளர், "இதெல்லாம் எதுக்கு சார், வழக்கமில்லையே" என்று அந்த வரியை அடித்துவிட்டார். அதனால் சாயங்காலம் எல்லோரும் போன பிறகு உட்கார்ந்து, ஒவ்வொரு கார்டிலும் பேனாவால் எழுதினேன். விரலெல்லாம் மை.

நாளைக் காலை அவை தபாலில் போய்விடும். உன்னுடையதுதான் பாக்கி. தேரடியில் நீ கேட்டாயே, அதற்குப் பதில் இது.

ஆமாம்பா. நீயே வாங்கினதுதான்.