வலக்கை பின்தங்கும் இடம்

என்னவருக்கு,

கையெழுத்தைப் பார்த்துப் பதற வேண்டாம். சலோமியாவுக்கு இருமல் குறைந்துவிட்டது. பீட்ரூட் சூப்பை முகம் சுளிக்காமல் குடிக்கிறாள். வார்சாவில் இன்னும் பனி விழுகிறது.

கிளர்ச்சியை அடக்கி, நீங்கள் தலைமறைவான பிறகு நம் முன்னறையில் ஒரு ரஷ்யக் கர்னலைத் தங்கவைத்திருக்கிறார்கள். நான் பியானோவில் நம்முடைய இரவிசையை, அந்த நாக்டர்னை, வாசிக்கும்போதெல்லாம் பின்னால் வந்து நின்று கேட்டுவிட்டுத்தான் இரவுப் பணிக்குக் கிளம்புகிறார்.

போன வாரம், "இந்த ஒரு இடத்துல மட்டும் வலது கை ஏன் மேடம் பின்தங்குது?" என்று கேட்டார்.

"அதுதான் ருபாட்டோ. இடது கை தாளத்தைப் பார்த்துக்கும், வலது கை மனசு போற பக்கம் போகும்."

"சனிக்கிழமை நேரா வாசிச்சீங்களே. அன்னைக்கு மனசு எங்கயும் போகலையா?"

அன்று வாசலில் சிப்பாய்கள் நின்றார்கள். அதனால்தான் தயங்காமல் வாசித்து உங்களைத் திருப்பி அனுப்பினேன்.

நேற்று சந்தையிலிருந்து வரும்போது தெருவிலேயே நாக்டர்ன் கேட்டது. அதே இடத்தில், அதே அளவு தயக்கம். கதவைத் திறந்த சலோமியா என்னைப் பார்த்துத் திகைத்தாள். "அம்மா, நீங்கதான் உள்ள வாசிக்கிறீங்கன்னு நினைச்சேன்."

உள்ளே கர்னல் வாசித்துக்கொண்டிருந்தார்.

ஜன்னலுக்கு வெளியே நிற்கும் நீங்களும் அப்படித்தான் நினைப்பீர்கள். 'வரலாம்' என்று என் கை சொன்னதாக நம்பி உள்ளே வந்துவிடுவீர்கள்.

அதனால் இன்று காலை வலக்கையில் கொதிநீரை ஊற்றிக்கொண்டேன். இனி யார் மிரட்டினாலும் என்னால் வாசிக்க முடியாது. பியானோ கேட்டால் அது நான் இல்லை. வராதீர்கள்.

இதை இடக்கையால் எழுதுகிறேன்.

உங்கள் மனைவி